கடைசி வரியைப் பார்த்துக் கலங்காதே!
(சுருக்கிய ஃபைல்களைக் கமாண்ட் லைனில் பிரிக்கும்போது வரும் பிழைகளும் அவற்றுக்கான தீர்வுகளும்)



டிப்ளமோ படிக்கும் நம் எல்லோருடைய பையிலும் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. சீனியர் கொடுத்த புராஜெக்ட், ஆசிரியர் கொடுத்த பாடக்குறிப்பு, இணையத்திலிருந்து இறக்கிய சாஃப்ட்வேர் என்று அதில் இருப்பவை பெரும்பாலும் சுருக்கிக் கட்டிய ஒரே ஃபைலாகத்தான் வருகின்றன. விண்டோஸில் மவுஸால் இரண்டு தட்டு தட்டினால் திறந்துகொள்ளும். ஆனால் லினக்ஸ் லேபில், அல்லது திரையே இல்லாத ராஸ்பெர்ரி பை போர்டில், கருப்புத் திரையில் கமாண்ட் அடித்துத்தான் பிரிக்க வேண்டும். அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் அப்படி ஒரு ஃபைலைப் பிரிக்கப் போனான். திரையில் மூன்று வரி வந்தது. கடைசி வரி, "எரர் இஸ் நாட் ரெகவரபிள்: எக்ஸிட்டிங் நவ்". இனி மீட்கவே முடியாத பிழை, வெளியேறுகிறேன் என்று அர்த்தம். அவன் பயந்துட்டான். "டேய், சிஸ்டத்தைக் கெடுத்துட்டேன்டா, காசு கட்டச் சொல்வாங்களோ" என்று கேட்டுவிட்டு ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனவன், மூன்று நாள் லேப் பக்கமே வரவில்லை. உண்மையில் சிஸ்டத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்த ஃபைலுக்குப் பெயர் மட்டும் தப்பாக இருந்தது. அவ்வளவுதான்!

நானும் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்தி, யாரோ நம்மைத் திட்டுவது போலவே காதில் விழும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுரை. பிழைச் செய்தி என்பது திட்டு அல்ல. எந்த இடத்தில் வேலை நின்றது என்று கம்ப்யூட்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டை முதல் வரியிலிருந்து படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு சிறு குறிப்பு: கமாண்டுகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். 'மைனஸ்' என்றால் சிறு கோடு. அதற்கு அடுத்த எழுத்துகளை இடைவெளி விடாமல் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவும். 'கேப்பிட்டல்' என்று சொன்ன இடத்தில் மட்டும் பெரிய எழுத்து.

1. கட்டுவது வேறு, சுருக்குவது வேறு

நம் ஊர் செயின்ட் லூயி வீதியில் 1955ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைக் கடற்கரைக்குப் போகும்போது பார்த்திருப்பீர்கள். அங்கே ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஓலைச்சுவடி எப்படி இருக்கும்? ஓலைகளை வரிசையாக அடுக்கி, துளையில் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டியிருப்பார்கள். கட்டினதால் ஓலை சிறுத்துப் போகாது, சிதறாமல் இருக்கும்.

'டார்' செய்வதும் இதைத்தான். டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம் அது. 1979ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இந்தக் கமாண்ட் இருந்தது. பல ஃபைல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே ஃபைலாக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயர், அளவு, தேதி எழுதிய 512 பைட் சீட்டு ஒன்று இருக்கும். அளவைக் குறைக்காது.

அளவைக் குறைப்பது 'ஜிஸிப்'. ஜான்-லூப் கெய்லி, மார்க் ஆட்லர் ஆகிய இருவரும் எழுதி 1992ல் வெளியிட்டார்கள். இதற்குள் இரண்டு பழைய உத்திகள் இருக்கின்றன. முதலாவது, 1977ல் லெம்பல், ஸிவ் இருவரும் சொன்னது. ஒரு சொல் திரும்ப வந்தால் அதை மறுபடி எழுதாமல், "இத்தனை பைட் பின்னால் போ, அங்கிருந்து இத்தனை பைட் எடுத்துக்கொள்" என்று குறிப்பு மட்டும் எழுதுவது. இரண்டாவது, 1952ல் டேவிட் ஹஃப்மன் வெளியிட்டது. அடிக்கடி வரும் எழுத்துக்குச் சின்னக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறியீடு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படிக்கும்போது, இறுதித் தேர்வு எழுதுவதற்குப் பதிலாகக் கொடுத்த கட்டுரைப் பணியில்தான் ஹஃப்மன் இதைக் கண்டுபிடித்தார். நம்மைப் போல் ஒரு மாணவர் செய்த அசைன்மென்ட் அது என்று நினைத்தால் தெம்பாக இருக்கிறது, இல்லையா?

இந்த இரண்டு உத்திகளையும் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் விளங்கும். சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு பைட் கெட்டால் ஒரு எழுத்து மட்டும் கெடும். சுருக்கிய ஃைபலில் ஒரு பைட் கெட்டால், அதைப் பார்த்து எழுதின அடுத்தடுத்த குறிப்புகள் எல்லாம் தப்பாகிவிடும். சுருக்கிய ஃபைலை நகலெடுக்கும்போது இத்தனை கவனம் தேவைப்படுவது இதனால்தான்.

2. அந்த மூன்று வரி

இப்போது நண்பனுக்கு வந்த மூன்று வரியையும் பார்ப்போம்.

முதல் வரி: "ஜிஸிப்: எஸ்டிடிஇன்: நாட் இன் ஜிஸிப் ஃபார்மட்". உள்ளே வருவது ஜிஸிப் வடிவத்தில் இல்லை என்று அர்த்தம்.

இரண்டாம் வரி: "டார்: சைல்ட் ரிட்டர்ண்ட் ஸ்டேட்டஸ் 1". டாருக்குத் தானாகச் சுருக்கத்தைப் பிரிக்கத் தெரியாது. ஜிஸிப்பைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளும். அப்படிக் கூப்பிட்ட துணைதான் 'சைல்ட்'. அது தோல்வி என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டதாம்.

மூன்றாம் வரி: மீட்க முடியாத பிழை. இதற்கு, இந்த ஒரு முயற்சியை டாரால் இதற்குமேல் தொடர முடியாது என்பது மட்டுமே பொருள். உங்கள் சிஸ்டம் கெட்டுப்போனது என்றோ, உங்கள் ஃபைல் அழிந்துபோனது என்றோ பொருள் இல்லை.

ஆக, விடை முதல் வரியிலேயே இருக்கிறது. மற்ற இரண்டும் அதன் விளைவுகள். வேறு சில சமயம், நூறு ஃபைல் ஓடி முடிந்தபின், "முந்தைய பிழைகளால் தோல்வி நிலையுடன் வெளியேறுகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி கடைசியில் வரும். அதிலேயே 'முந்தைய' என்று சொல்லிவிடுகிறதே! திரையை மேலே தள்ளிப் போய், முதலில் புகார் சொன்ன வரியைத் தேடிப் பிடியுங்கள்.

3. பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

என் அப்பா லாரி ஷெட்டில் லோடுமேன். லாரி வந்து நின்றதும் மூட்டையை இறக்க ஓடமாட்டார். முதலில் பில்லில் உள்ள எண்ணிக்கையைக் கேட்பார். அப்புறம் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். இறக்கி வைக்க குடோனில் இடம் இருக்கிறதா என்றும் பார்ப்பார். "இறக்கினதுக்கு அப்புறம் கொறையுதுன்னா யாரு பதில் சொல்றது?" என்பார். நம் வேலைக்கும் இதே வரிசைதான்.

முதலில், நாம் எங்கே நிற்கிறோம்? பி-டபிள்யூ-டி என்று அடித்தால் எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று வரும் (நம் ஊர் பொதுப்பணித் துறைக்கும் இதே மூன்று எழுத்துதான், மறக்காது). எல்-எஸ் என்று அடித்தால் அங்குள்ள ஃபைல்களின் பட்டியல் வரும். "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்ற பிழை வந்தால், பெரும்பாலும் நாம் வேறு ஃபோல்டரில் நிற்கிறோம், அல்லது பெயரில் எழுத்து மாறியிருக்கிறது என்று பொருள். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. பெயரில் முதல் மூன்று எழுத்தை அடித்து டேப் விசையைத் தட்டுங்கள். மீதியை அதுவே நிரப்பும். எழுத்துப் பிழைக்கு இடமில்லை.

இரண்டாவது, உள்ளே என்ன இருக்கிறது? டார் ஃபைலானால் 'டார் மைனஸ் டிஎஃப்', பிறகு ஃபைலின் பெயர். இந்த 'டி', டேபிள் (பட்டியல்) என்பதில் வரும் டி. ஸிப் ஃபைலானால் 'அன்ஸிப் மைனஸ் எல்'. இவை இரண்டும் எதையும் பிரிக்காமல் பட்டியல் மட்டும் காட்டும். 'அன்ஸிப் மைனஸ் டி' என்றால் ஒவ்வொரு ஃபைலையும் சோதித்துச் சரியா இல்லையா என்று சொல்லும். 'ஜிஸிப் மைனஸ் டி'யும் அப்படியே. இவை இரண்டிலும் 'டி' என்றால் டெஸ்ட்.

மூன்றாவது, இடம் இருக்கிறதா? 'டிஸ்க் ஃப்ரீ' என்ற இரு சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு 'மைனஸ் எச்' போட்டால், மீதி இடம் ஜி.பி.யில் தெரியும்.

நான்காவது, புதிதாக ஒரு ஃபோல்டர் செய்து அதற்குள் பிரியுங்கள். சிலர் கட்டும்போது ஃபோல்டராகக் கட்டாமல் நூறு ஃபைலை அப்படியே கட்டிவிடுவார்கள். நம் வீட்டு ஃபோல்டரில் அதை அவிழ்த்தால், நம்முடையது எது, வந்தது எது என்று பொறுக்கவே ஒரு நாள் ஆகும். டாருக்கு 'மைனஸ் கேப்பிட்டல் சி' போட்டு ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் அங்கே போய்ப் பிரிக்கும்.

4. ஃபைல் அதுதானா?

"ஜிஸிப் வடிவத்தில் இல்லை" என்ற பிழைக்குக் காரணம், பெயர் ஒன்றும் சரக்கு வேறொன்றுமாக இருப்பது. பெயரின் வாலில் புள்ளி டார் புள்ளி ஜிஇசட் என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். 'ஃபைல்' என்றே ஒரு கமாண்ட் இருக்கிறது. அதை அடித்து, இடைவெளி விட்டு ஃபைலின் பெயரைக் கொடுங்கள். வாலைப் பார்க்காமல் தலையைப் பார்த்து அது சொல்லிவிடும். ஒவ்வொரு வடிவத்துக்கும் முதல் சில பைட்டுகளில் ஓர் அடையாளம் உண்டு. ஜிஸிப் என்றால் பதினாறடிமான எண்ணில் 1எஃப், 8பி. ஸிப் என்றால் 'பி', 'கே' என்ற இரண்டு எழுத்துகள். 1989ல் பிகேஸிப் என்ற புரோகிராமை வெளியிட்ட ஃபில் கேட்ஸின் பெயர் எழுத்துகள் அவை. பிஸிப்2 என்றால் 'பி இசட் எச்' என்று தொடங்கும். ரார் ஃபைலில் 'ரார்' என்றே ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கும்.

இதில் நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வைஃபையில் லாகின் செய்யாமல் ஃபைலை இறக்கினால், ஃபைலுக்குப் பதில் லாகின் பக்கமே அந்தப் பெயரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'ஃபைல்' கமாண்ட் அதை 'எச்டிஎம்எல் டாக்குமென்ட்' என்று காட்டிக்கொடுக்கும். அளவும் சில கே.பி.தான் இருக்கும். லாகின் செய்து மறுபடி இறக்கினால் தீர்ந்தது.

உண்மையிலேயே வேறு வடிவமாக இருந்தால், டாருக்கு 'மைனஸ் எக்ஸ்எஃப்' மட்டும் கொடுங்கள், நடுவில் 'இசட்' வேண்டாம். இன்றைய லினக்ஸ் டார், ஜிஸிப்பா, பிஸிப்2வா, எக்ஸ்இசட்டா என்று தானே கண்டுபிடித்துப் பிரிக்கும். நண்பனுடைய ஃபைல் எக்ஸ்இசட் வகை. யாரோ ஜிஇசட் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். 'இசட்'டை எடுத்ததும் பத்து நொடியில் பிரிந்தது.

5. ஃபைல் முழுசா வந்ததா?

"அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஃபைல்", அதாவது எதிர்பாராமல் ஃபைல் முடிந்துவிட்டது என்று வந்தால், பாதி ஃபைல்தான் வந்திருக்கிறது. ஸிப்பில் இதே நோய்க்கு வேறு பெயர்: "எண்ட் ஆஃப் சென்ட்ரல் டைரக்டரி சிக்னேச்சர் நாட் ஃபவுண்ட்". ஸிப் ஃபைலில் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில் இருக்கும். வால் அறுந்தால் பட்டியலும் போய்விடும். அதைத்தான் அப்படிச் சொல்கிறது.

எப்படிப் பாதியாகிறது? டவுன்லோடு நடுவில் நின்றிருக்கலாம். லினக்ஸ், பென் டிரைவுக்கு எழுத வேண்டியதை முதலில் மெமரியில் வைத்துக்கொண்டு மெதுவாக எழுதும். 'காப்பி முடிந்தது' என்று தெரிந்தவுடன் பிடுங்கினால் மீதி எழுதப்படாமலே போகும். 'சிங்க்' என்று ஒரு கமாண்ட் அடித்து, அது முடியும்வரை காத்திருந்து, முறைப்படி எஜெக்ட் செய்தபின் எடுங்கள்.

இன்னொரு காரணம், பலருக்குத் தெரியாதது. பல பென் டிரைவுகள் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஒரு ஃபைல் 429,49,67,295 பைட்டுக்கு மேல், அதாவது 4 ஜி.பி.க்கு ஒரு பைட் குறைவான அளவுக்கு மேல், இருக்கவே முடியாது. 64 ஜி.பி. பென் டிரைவ் காலியாகக் கிடந்தாலும் 5 ஜி.பி. ஃபைல் ஏறாது! எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் இந்தத் தடை இல்லை (ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும், முதலில் எடுத்து வையுங்கள்). அல்லது 'ஸ்ப்ளிட்' கமாண்டால் ஃபைலைத் துண்டாக்கிக் கொண்டுபோய், அங்கே 'கேட்' கமாண்டால் வரிசை மாறாமல் ஒட்டுங்கள்.

முழுசா வந்ததா என்று எப்படி அறிவது? கொடுத்தவரிடம் பைட் கணக்கில் அளவைக் கேளுங்கள். இன்னும் உறுதி வேண்டுமானால் 'ஷா256சம்'. இது ஃபைல் முழுவதையும் படித்து 64 இலக்கப் பதினாறடிமான எண் ஒன்றைக் கொடுக்கும். ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். இரண்டு இடத்திலும் ஒரே எண் வந்தால் ஃபைல் பத்திரம்.

அளவு சரியாக இருந்தும் "சிஆர்சி எரர்" வருகிறதா? ஜிஸிப், கடைசி 8 பைட்டில் இரண்டு கணக்கை எழுதி வைக்கும். ஒன்று சரிபார்ப்பு எண், மற்றது பிரித்தபின் வரவேண்டிய அளவு. மளிகைப் பில்லின் அடியில் உள்ள கூட்டுத்தொகை மாதிரி. பிரித்துப் பார்த்த கணக்கு அதோடு ஒத்துப்போகாவிட்டால்தான் இந்தப் பிழை. ஃபைல் நடுவில் எங்கோ கெட்டிருக்கிறது. மறுபடி நகலெடுங்கள். அதே பென் டிரைவில் மறுபடி மறுபடி வந்தால் பென் டிரைவையே சந்தேகப்படுங்கள்.

மூலமே போய்விட்டது, வேறு நகலும் இல்லை என்றால்? அப்போதும் கைவிட வேண்டாம். ஸிப்பில் ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். 'ஸிப் மைனஸ் கேப்பிட்டல் எஃப்எஃப்' (இரண்டு எஃப்பும் பெரியவை), கெட்ட ஃபைலின் பெயர், பிறகு 'மைனஸ் மைனஸ் அவுட்', புதுப் பெயர் என்று கொடுத்தால், நல்ல நிலையில் உள்ளவற்றைப் புது ஸிப்பில் சேர்த்துத் தர முயலும். டார்-ஜிஸிப்பில் எல்லாம் ஒரே சரடு. அறுந்த இடம்வரை பிரித்தது நம் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். கடைசியாகப் பிரிந்த ஃபைலை மட்டும் நம்பாதீர்கள், அது அரைகுறையாக இருக்கும்.

6. வைக்க இடமும் உரிமையும் உண்டா?

"நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்றால் இடமில்லை. "பெர்மிஷன் டினைட்" என்றால் அந்த ஃபோல்டரில் எழுத நமக்கு உரிமை இல்லை. உடனே 'சூடோ' போட்டு அடிக்கச் சொல்லும் நண்பர்கள் உண்டு. வேண்டாம்! நம் சொந்த ஃபோல்டருக்குப் போய்ப் பிரித்தாலே போதும். யார் கட்டியதென்றே தெரியாத மூட்டையை, முழு அதிகாரத்தோடு ஏன் அவிழ்க்க வேண்டும்?

பென் டிரைவுக்குள்ளேயே பிரித்தால் "கேனாட் கிரியேட் சிம்லிங்க்", "கேனாட் சேஞ்ச் ஓனர்ஷிப்" என்று வரலாம். ஃபேட்32க்கு யார் சொந்தக்காரர் என்று குறித்து வைக்கவோ, குறுக்கு இணைப்பு வைக்கவோ வசதியே கிடையாது. ஹார்ட் டிஸ்கில் பிரித்தால் இந்தப் பிழை போய்விடும்.

சில வரிகள் பிழை மாதிரி வரும், ஆனால் பிழை அல்ல. "ரிமூவிங் லீடிங் ஸ்லாஷ்" என்று வந்தால், டார் நம் சிஸ்டம் ஃபைல்கள் மேல் எழுதிவிடாமல் நம்மைக் காப்பாற்றுகிறது என்று பொருள். "டைம் ஸ்டாம்ப் இன் தி ஃபியூச்சர்" என்று வரிசையாக வந்தால், ஃபைலின் தேதி நம் கம்ப்யூட்டரின் தேதியைவிடப் பிந்தியது. பழைய கம்ப்யூட்டர்களில் போர்டிலுள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்துபோய் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். தேதியைச் சரிசெய்தால் போதும்.

எல்லாம் நல்லபடி முடிந்ததா என்று உறுதி செய்ய, உடனே 'எக்கோ', இடைவெளி, டாலர் குறி, கேள்விக்குறி அடியுங்கள். 0 வந்தால் வெற்றி.

7. தமிழ்ப் பெயருக்கு வரும் தனிச் சோதனை

இது எந்த ஆங்கிலப் பாடப்புத்தகத்திலும் நமக்காக எழுதி வைக்காத பகுதி. ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்து ஸிப் செய்து அனுப்புகிறோம். பிரித்தால் பெயர் முழுக்க ஆல்ஃபாவும், «, » என்ற குறிகளும் வருகின்றன. « » என்பவை பிரெஞ்சு மொழியின் மேற்கோள் குறிகள். நம் ஊரில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களில் பார்த்திருக்கலாம். தமிழ்ப் பெயருக்குள் அவை எப்படி வந்தன?

யூனிகோடில், யுடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். முதல் பைட் எப்போதும் இ0. இரண்டாவது ஏஇ அல்லது ஏஎஃப். ஸிப்போ, ஐபிஎம்மின் பழைய 437ஆம் எழுத்துப் பட்டியலைத் தன் இயல்பான பட்டியலாகக் கொண்டது. அந்தப் பட்டியலில் இ0 என்றால் ஆல்ஃபா, ஏஇ என்றால் «, ஏஎஃப் என்றால் ». தமிழுக்கு அதில் இடமே இல்லை. "இந்தப் பெயர் யுடிஎஃப்-8" என்று அறிவிக்கும் ஒரு பிட் குறி 2006ல்தான் ஸிப்பின் விதிகளில் சேர்க்கப்பட்டது. கட்டியவரின் மென்பொருள் அந்தக் குறியைப் போடாவிட்டால் இப்படி ஆகும். உள்ளே இருக்கும் சரக்கு பத்திரமாகத்தான் இருக்கிறது, மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டை மட்டும் தப்பாகப் படிக்கிறது. உபுண்டு, டெபியனில் வரும் அன்ஸிப்பில் 'மைனஸ் கேப்பிட்டல் ஓ', இடைவெளி, 'யுடிஎஃப்-8' என்று சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது, "ஃபைல் நேம் டூ லாங்". லினக்ஸில் ஒரு ஃபைலின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில்? 'புதுச்சேரி' என்ற சொல் நம் கண்ணுக்கு 5 எழுத்து. கம்ப்யூட்டருக்கு மெய்யும் குறியுமாக 10 குறியீடு, 30 பைட்! ஆக, தமிழில் 85 குறியீடுதான் அடங்கும். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணி 255 வரை அனுமதிப்பதால், அங்கே நன்றாக இருந்த நீளப் பெயர் இங்கே வந்ததும் முரண்டு பிடிக்கிறது. அனுப்பியவரிடம் பெயரைச் சுருக்கி மறுபடி ஸிப் செய்யச் சொல்லலாம். முடியாவிட்டால் 'அன்ஸிப் மைனஸ் பி' (பைப் என்பதில் முதலில் வரும் பி) கொடுத்து, அந்த ஒரு ஃபைலின் சரக்கை மட்டும் '>' குறியால் புதிய குட்டிப் பெயருக்குத் திருப்பிவிடலாம். இதற்காகத் தமிழில் பெயர் வைப்பதை விட்டுவிடாதீர்கள், சுருக்கமாக வையுங்கள்.

பெயர் நன்றாக வந்து, திறந்து படித்தால் உள்ளே எழுத்து குழம்பியிருக்கிறதா? அது பிரித்ததில் வந்த கோளாறு அல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளின் ஆரம்பகால மின்னூல்கள் 'டிஸ்கி' என்ற குறிமுறையில் இருந்தன. அப்படிப்பட்ட பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் கொடுத்தால் சரியாகிவிடும்.

8. சின்ன முரணையும் விடாதே

இதெல்லாம் சின்ன விஷயம்தானே என்று நினைக்கக் கூடாது. 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர், தொலைவிலிருந்து லாகின் செய்யும்போது வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடவில்லை. தேடிக்கொண்டே போனார். எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுத் திருட்டு வாசல் வைத்திருந்தது வெளிவந்தது. அந்தத் திருட்டுக் குறிகளை எங்கே ஒளித்திருந்தார்கள் தெரியுமா? சோதனைக்காக வைத்த, கெட்டுப்போனவை போல் தோன்றும் சுருக்கிய ஃபைல்களுக்குள்! பெரிய அளவில் பரவுவதற்கு முன் அது தடுக்கப்பட்டது. வழக்கத்துக்கு மாறாக ஒன்று நடந்தால் நின்று பார்க்கும் பழக்கம்தான் அவருக்கு உதவியது. அந்தப் பழக்கத்துக்கு ஆங்கில வழிப் படிப்போ, பணக்கார வீடோ தேவையில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல், சந்தேகம் கேட்க அண்ணன் அக்கா இல்லாமல் வந்தவர்கள். "எரர்" என்ற சொல்லைப் பார்த்ததும் நமக்கு இது வராது என்று ஒதுங்கிவிடுகிறோம். அப்படி ஒதுங்கினவன் வைவாவில் பேசமாட்டான், இண்டர்வியூவில் நிற்கமாட்டான். மூன்று வரியால் போவது மூன்று நாள் லேப் மட்டும் அல்ல.

அதனால் நம் மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கை இது. லேப் ஒவ்வொன்றிலும் ஒரு நீளநோட்டு வையுங்கள். யாருக்குப் பிழை வந்தாலும் தேதி போட்டு, அதன் முதல் வரியை அப்படியே எழுதட்டும். அதற்குக் கீழே தமிழில் அர்த்தம், அதற்கும் கீழே தீர்வு. ஒரு வருஷத்தில் அது நிரம்பிவிடும். அடுத்த ஜூனியருக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறு இல்லை. முதல் ஐந்து பக்கத்தை நான் எழுதித் தருகிறேன். மீதிப் பக்கங்களை நீங்கள் எழுத வேண்டும்.